கொலஸ்ட்ரால்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் மனம் பதறுகிறது. எல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தால் ரிப்போர்ட் அப்படியே மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. இரண்டுமே அவசர முடிவுகள். கொலஸ்ட்ரால் விஷயத்தில் இன்றைய எண் எவ்வளவு என்பதோடு கதை முடிவதில்லை. அது எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்துவந்திருக்கிறது, கூடவே ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். கீழே உள்ள பதில்களை அந்தக் கண்ணோடு படியுங்கள். மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொலஸ்ட்ரால் கெட்டது என்றால் உடலே அதை ஏன் தயாரிக்கிறது?

அது இல்லாமல் வாழ முடியாது. ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வு குலையாமல் நிற்க அது வேண்டும். கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஹார்மோன்கள் அதிலிருந்தே உருவாகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களையும் கல்லீரல் அதிலிருந்துதான் தயாரிக்கிறது. இவ்வளவு அவசியமான பொருள் என்பதால்தான் உடல் உணவை நம்பி இருப்பதில்லை. தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

கொலஸ்ட்ரால் இருப்பதில் தவறில்லை. ரத்தத்தில் அதைச் சுமந்து திரியும் ஒருவகைத் துகள்கள் தேவைக்கு மேல் பெருகி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிப்பதுதான் ஆபத்து. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இந்தத் துகள்கள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. ஆனாலும் அதன் மூளையும் உடலும் வேகமாக வளர்கின்றன. ரத்தத்தில் குறைந்தால் உடலுக்குப் பஞ்சம் வந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

எல்.டி.எல்., எச்.டி.எல். என்று இரண்டு வகைக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா?

கொலஸ்ட்ரால் ஒன்றுதான். அதை ஏற்றிச் செல்லும் துகள்கள்தான் வேறு. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. அதனால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய உருண்டைகளில் ஏறித்தான் ரத்தத்தில் பயணம் செய்கிறது. எல்.டி.எல். துகள்கள் அதை உடலெங்கும் கொண்டுபோகின்றன. அளவுக்கு மீறினால் ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்குபவையும் இவைதான். எச்.டி.எல். துகள்கள் திசுக்களில் மிஞ்சிய கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்துச் செல்லும் வேலையில் பங்கெடுக்கின்றன. ரிப்போர்ட்டில் கூடவே வரும் டிரைகிளிசரைடு வேறொரு கொழுப்பு. சாப்பிட்ட ஆற்றலில் மிச்சம் ரத்தத்தில் போகும் வடிவம் அது.

ரத்தக் குழாய்க்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

குழாயின் உட்பக்கத்தில் கொழுப்பு பூசினாற்போல் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வழி அடைபடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அப்படி அல்ல. எல்லாம் சுவருக்கு உள்ளேதான் நடக்கிறது.

தமனியின் உட்புறம் ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. எல்.டி.எல். துகள்கள் அந்தப் படலத்தைக் கடந்து சுவருக்குள் போகின்றன. அங்கே சில அப்படியே ஒட்டிக்கொண்டு வேதிமாற்றம் அடைகின்றன. அவற்றை அப்புறப்படுத்த ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி, கொழுப்புத் துளிகளால் ஊதிப்போய், நுரைபோல் தோன்றும் செல்களாக மாறி அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து கூழ்போன்ற ஒரு திட்டு உண்டாகிறது. அதன்மேல் நார்த்திசு ஒரு மூடியாகப் படர்கிறது. இது இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது, பல பத்தாண்டுகள் ஓசையின்றி நடக்கிறது.

அந்த மூடி தடித்து உறுதியாக இருந்தால் திட்டு அடங்கியே கிடக்கலாம். மெலிந்து ஒருநாள் கிழிந்தால், உள்ளே இருந்த கூழ் ரத்தத்தோடு கலக்கிறது. வெட்டுக்காயத்தில் உறைவதைப் போலவே அங்கும் ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைத்துக்கொள்ளலாம். இதயத் தமனியில் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் தமனியில் நடந்தால் பக்கவாதம். குழாயைப் பாதிகூட அடைக்காத திட்டுகளும் இப்படிக் கிழிவதுண்டு. நேற்றுவரை வேகமாக மாடிப்படி ஏறியவருக்கு இன்று மாரடைப்பு வருவது எப்படி என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. காலுக்குப் போகும் தமனிகளிலும் இதே கதைதான். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் வலி தணிந்தால் அதை வெறும் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லை என்கிறார்களே?

சமூக ஊடகங்களில் இந்தப் பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. இதை நம்பி மருந்தை நிறுத்தியவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அதனால் சான்றுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1913இல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் திட்டுகள் உருவாவதைக் காட்டினார். முயல் மனிதன் அல்ல என்ற மறுப்பு வந்தது. அது நியாயமான மறுப்புதான். 1948இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகிவிடுமா என்று அதற்கும் மறுப்பு வந்தது.

மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் அடுத்த படியைக் கடந்தார்கள். சில குடும்பங்களில் சிறுவர்களுக்கே மாரடைப்பு வருவதன் காரணத்தைத் தேடி, எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அவர்களின் செல்களில் பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகையோ சர்க்கரையோ வயதோ குறுக்கே வராத இடம் இது. எல்.டி.எல். மிகுதி ஒன்றே சின்னஞ்சிறு வயதில் தமனிகளைக் கெடுத்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான சான்று 2006இல் வந்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக உள்ளவர்கள் உண்டு. ஹெலன் ஹாப்ஸும் ஜொனதன் கோஹனும் அவர்களை ஆராய்ந்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. சில ஆண்டுகள் மருந்து சாப்பிட்டு அதே அளவு குறைப்பவர்களுக்கு இத்தனை பெரிய பலன் கிடைப்பதில்லை. பிறந்த நாள் முதல் குறைவாக இருந்ததுதான் அவர்களைக் காத்தது. ஆண்டுகளையும் கணக்கில் சேருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கொலஸ்ட்ரால் கூடியிருந்தால் உடலில் ஏதாவது அறிகுறி தெரியுமா?

பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தலைசுற்றல், பிடரி வலி, உடல் கனம் ஆகியவற்றுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். சிலருக்கு மட்டும் கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றும். பரம்பரையாக மிக அதிகம் உள்ளவர்களுக்குக் குதிகால் தசைநாண் தடித்திருக்கும், கைவிரல் முட்டிகளின் மேல் கட்டிகள் இருக்கும். இளவயதில் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தாலும் பரிசோதிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்?

எல்.டி.எல். எண்ணைப் பாருங்கள். அடுத்து, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். சுவருக்குள் நுழையக்கூடிய துகள்கள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதை அந்த மீதி சொல்லிவிடும். மொத்தம் 200க்குக் கீழே இருக்கிறது என்று அத்தோடு நிம்மதி அடைவது சரியல்ல.

இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அளவெல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். முதலாமவருக்கு மொத்தம் 198, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 220. இரண்டாமவருக்கு மொத்தம் 215, எச்.டி.எல். 82, டிரைகிளிசரைடு 70. பல ஆய்வகங்கள் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எல்.டி.எல்.லைக் கணக்கிடுகின்றன. அதன்படி முதலாமவருக்கு 120, இரண்டாமவருக்கு 119. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எச்.டி.எல். நீங்கிய மீதி முதலாமவருக்கு 164, இரண்டாமவருக்கு 133. மொத்தம் கூடுதல் என்று தடித்த எழுத்தில் அச்சாவது இரண்டாமவரின் ரிப்போர்ட். கூடுதல் கவனம் தேவைப்படுவதோ முதலாமவருக்கு.

டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்க வேண்டும். அளவுகள் மில்லிமோல் கணக்கில் இருந்தால், கொலஸ்ட்ரால் எண்களை 38.67ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்.

எனக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே இலக்கு கிடையாது. வேறு எந்தச் சிக்கலும் இல்லாதவருக்கு 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 120 என்றால் உணவையும் வாழ்க்கைமுறையையும் திருத்திவிட்டுப் பார்க்கலாம். சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அதே 120 அதிகம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் 55க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. 190ஐத் தாண்டினால் வேறெதையும் பார்க்காமல் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். ஆய்வகம் பக்கத்தில் அச்சிடும் ‘இயல்பான அளவு’ உங்கள் வயதையும் நோய்களையும் அறியாது.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

வழக்கமான பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சாப்பிட்டதால் எல்.டி.எல்.லும் எச்.டி.எல்.லும் அதிகம் மாறுவதில்லை. டிரைகிளிசரைடு மிகுதியாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்ப்பார்கள்.

ஒல்லியாக இருக்கிறேன், எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை. எனக்கு எப்படிக் கூடும்?

எல்.டி.எல். அளவைத் தீர்மானிப்பதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லீரல் எவ்வளவு வேகமாகத் துகள்களை ரத்தத்திலிருந்து எடுக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சிலவகைச் சிறுநீரக நோய்களிலும் கூடும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் கூடலாம். அதனால் திடீரென்று உயர்ந்திருந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். உங்கள்மேல் நீங்களே குற்றம் சுமத்திக்கொள்ள வேண்டாம்.

முட்டை சாப்பிடலாமா?

ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. உணவில் கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் ரத்த அளவு கொஞ்சம்தான் ஏறுகிறது. ஒருநாளைக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015இல் எடுத்துவிட்டது. ஆரோக்கியமானவர் ஒரு நாளைக்கு ஒரு முட்டை சாப்பிட அஞ்ச வேண்டியதில்லை. எல்.டி.எல். ஏற்கெனவே மிக அதிகமாக உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் உணவில் எதைக் குறைப்பது?

நிறைவுற்ற கொழுப்பைக் குறையுங்கள். அது கல்லீரலில் எல்.டி.எல். ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது, துகள்கள் ரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. வெண்ணெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் அது மிகுதி. எண்ணெய் டப்பாவில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்ற வரியை. டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம். எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும். தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்தே அகற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெண்ணெயை விட்டுவிட்டு வெள்ளை மாவையும் சர்க்கரையையும் கூட்டினால் டிரைகிளிசரைடு ஏறும். பருப்பு, பயறு, ஓட்ஸ், பார்லி, காய்கனி ஆகியவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கொட்டைகளும் உதவும்.

உடற்பயிற்சி செய்தால் எல்.டி.எல். குறையுமா?

கொஞ்சம்தான். டிரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நன்றாகக் குறையும், எச்.டி.எல். சற்றே ஏறும். எல்.டி.எல். எண் அசையவில்லை என்று நடைப்பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

எச்.டி.எல். நிறைய இருந்தால் எல்.டி.எல்.லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

முன்பு அப்படித்தான் நம்பினார்கள். எச்.டி.எல்.லைப் பெருமளவு ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006இல் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. எச்.டி.எல். குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளம். ஆனால் அந்த எண்ணை மருந்தால் ஏற்றினால் பாதுகாப்பு கிடைக்கும் என்று காட்ட முடியவில்லை. எல்.டி.எல். உயர்ந்திருந்தால் எச்.டி.எல். அதை ஈடுகட்டிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

ஸ்டாட்டின் மாத்திரை என்ன செய்கிறது?

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாகும் பாதையில் ஒரு நொதியைத் தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. முதல் ஸ்டாட்டினை 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதயநோய் உள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மொத்த இறப்பு 30 சதவீதம் குறைந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்.டி.எல். ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன.

தசைவலி வரும், சர்க்கரை வரும், கல்லீரல் கெட்டுவிடும் என்கிறார்களே?

தசைவலி சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேர் அதில் பங்கெடுத்தார்கள். சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை. எந்த மாத்திரை எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் அனுபவித்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பட்ட வலி பொய்யல்ல, வலி வலிதான். அதன் பெரும்பகுதி மருந்துப் பொருளால் வரவில்லை என்பதே முடிவு. இதைத் தெரிந்துகொண்டபின் அவர்களில் பாதிப்பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள்.

தாங்க முடியாத தசைவலியோ, சிறுநீர் கருமையாகப் போவதோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசைத் திசு சிதையும் அந்த நிலை மிக அரிது, ஆனால் அவசரமானது. சர்க்கரை நோய்க்கு நெருங்கி நிற்பவர்களுக்கு அது சற்று முன்னதாக வரக்கூடும் என்பதும் மெய். 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று 2010இல் கணக்கிட்டார்கள். அதே மருந்து தடுக்கும் மாரடைப்புகளோடு ஒப்பிட்டால் தேவைப்படுபவருக்கு லாபமே அதிகம். கல்லீரல் நொதிகள் சிலருக்குக் கொஞ்சம் ஏறும், கடும் பாதிப்பு மிக அபூர்வம். வேறு மருந்து சாப்பிடும்போது, குறிப்பாகக் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதித் தரும்போது, ஸ்டாட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கொலஸ்ட்ரால் குறைந்தால் மூளை பாதிக்காதா?

மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்கள் மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. அதனால் ரத்தத்தில் குறைந்தால் மூளை பட்டினி கிடக்காது. பக்கவாதம் தவிர்க்கப்படுவதால் மூளைக்கு நன்மைதான்.

மாத்திரைக்குப் பதில் இயற்கையாகக் கிடைப்பதைச் சாப்பிடக் கூடாதா?

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள் வேதியியல்படி லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான். அதே பக்கவிளைவுகளும் உண்டு. ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மட்டும் உறுதி இல்லை. அளவு தெரிந்த மருந்து எவ்வளவோ மேல்.

மூன்று மாதத்தில் எண் இறங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்திய சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்துபவர்கள் மிகப் பலர். மாரடைப்புக்குப் பிறகு நிறுத்துவதோ மிகவும் ஆபத்தானது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 புரதத்தை அடக்கும் ஊசிகள் 2015 முதல் பயன்பாட்டில் உள்ளன. வழிகள் பல இருக்க, பேசாமல் நிறுத்திவிடுவது ஒன்றுதான் தவறான வழி.

பெண்களுக்கு இந்தக் கவலை குறைவுதானே?

மாதவிடாய் நிற்கும்வரை ஓரளவு குறைவு. நின்றபின் எல்.டி.எல். ஏறுகிறது, பாதுகாப்பும் போய்விடுகிறது. கருவுற்றிருக்கும்போது கொலஸ்ட்ரால் கூடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பு வந்தது. நான் என்ன செய்ய வேண்டும்?

இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நாள் கடத்தாதீர்கள். எல்.டி.எல். ஏற்பிக் குறைபாடு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. உங்கள் எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளையும் பள்ளி வயதிலேயே பரிசோதித்துவிட வேண்டும். சிறுவயதில் கண்டுபிடித்தால் காப்பாற்றக் கிடைக்கும் ஆண்டுகள் அதிகம்.

கூடவே லிப்போபுரோட்டீன் ஏ என்ற துகளையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது ஏறக்குறைய முழுக்கப் பிறவியில் அமைவது, உணவால் மாறாது. ஐந்தில் ஒருவருக்கு அதிகமாக இருக்கிறது. வழக்கமான பரிசோதனையில் அது வராது. வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலோருக்குப் போதும். அதிகமாக இருந்தால் எல்.டி.எல்., ரத்த அழுத்தம் இரண்டின் இலக்கையும் மருத்துவர் இன்னும் இறுக்கமாக வைப்பார்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது?

மருந்து தொடங்கியோ அளவை மாற்றியோ 4 முதல் 12 வாரங்களில் ஒருமுறை. நிலைபெற்றபின் ஆண்டுக்கு ஒருமுறை போதும். மருந்து தேவைப்படாத, வேறு சிக்கல் இல்லாத பெரியவர்களுக்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.